பின்னால் வரும் வண்டிக்கு நீயே பொறுப்பு

அன்று நான் குடிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். குடித்திருந்தால் எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. போதையில் எதையோ பார்த்துவிட்டு உளறுகிறாள் என்று தள்ளிவிடலாம். ஆனால் காலையிலிருந்து இரண்டு குவளை டீ, ஒரு முட்டை சாண்ட்விச், அவ்வளவுதான் உள்ளே போயிருந்தது. காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. நேரங்களை நிமிடக் கணக்கில் சொல்கிறாளே என்று சந்தேகப்படவும் வேண்டாம். எங்கள் பாலைவனப் பயணக் கிளப்பில் ஒவ்வொரு திருப்பத்திலும் நேரத்தையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அந்த நோட்டு இப்போதும் என் மேசையில் கிடக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

என் பெயர் ரேலீன். எல்லோருக்கும் ரே. போர்ட் பிரீ என்ற துறைமுக ஊரில் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. வயது ஐம்பத்தெட்டு. விவாகரத்தில் என் கணவர் வீட்டை எடுத்துக்கொண்டார், நான் பழைய டீசல் ஜீப்பை எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது ஆத்திரத்தில் நடையில் விரித்திருந்த பழுப்புக் கம்பளத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் இருவரில் ஏமாந்தது யார் என்று ஊரில் இன்னும் பேச்சு இருக்கிறது.

கையில் காசில்லாதவள் பாலைவனம் பார்க்க ஆசைப்பட்டால் மூளையைத்தான் செலவு பண்ண வேண்டும். நான் பண்ணினேன். கடையில் ஆயிரக்கணக்கில் விற்கும் இழுப்பறையை, பழைய பெட்டிப் பலகைகளை அறுத்து ஜீப்பின் பின்னால் நானே அடித்தேன். மேலே மெத்தை, கீழே சமையல் சாமான். கூரையில் கறுப்புக் குழாய் ஒன்றைக் கட்டித் தண்ணீர் நிரப்பிவிட்டால் மாலைக்குள் குளிக்க வெந்நீர் தயார். லாரித் தார்ப்பாயும் இரண்டு கம்பும் சேர்ந்தால் நிழல் கூடாரம். மூடி போட்ட பெயிண்ட் வாளியில் அழுக்குத் துணியும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கட்டிவிட்டால், கரடுமுரடான பாதை குலுக்குகிற குலுக்கலில் துணி தானே வெளுத்துவிடும். மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் கொடுக்கப் பிளாஸ்டிக் பலகைகள் விற்கிறார்கள், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நான் அந்த நடைக் கம்பளத்தை நான்கு துண்டாக வெட்டிச் சுருட்டி வைத்திருந்தேன். அதில் ஒரு துண்டில் என் முன்னாள் கணவர் சிகரெட்டால் சுட்ட ஓட்டை உண்டு. அந்தத் துண்டைச் சக்கரத்துக்குக் கொடுக்கும்போது தனி சந்தோஷம்.

இதையெல்லாம் பதினோரு வருடமாகக் கிளப்பின் மாதாந்திர இதழில் எழுதி வந்தேன். அரைப் பக்கம். 'ஐம்பது டாலருக்குள்' என்று தலைப்பு. என்னிடம் சொத்து என்று ஏதாவது இருந்தால் அந்த அரைப் பக்கம்தான்.

பிறகு டாம்சின் வந்தாள்.

முப்பத்திரண்டு வயது. கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். அவளிடம் ஜீப் கூட இல்லை, இருபது வருடப் பழைய சின்னக் கார். அதில் பள்ளிக்கூடம் தூக்கிப்போட்ட புத்தக அலமாரியைப் படுத்தவைத்துக் கட்டிலாக்கியிருந்தாள். கதவுகளுக்குக் கொசுவலையை உறை மாதிரித் தைத்து மாட்டியிருந்தாள். கண்ணாடி திறந்தே தூங்கலாம், ஒரு ஈ உள்ளே வராது. பிஸ்கட் டின்னில் ரொட்டி சுடும் அடுப்பு செய்திருந்தாள். எல்லாம் என்னுடையதில் பாதிச் செலவு. எல்லாம் என்னுடையதைவிட அழகு. மார்ச் மாதம் எங்கள் கிளப் தலைவன் பெவன் என் தோளைத் தட்டி, "பதினோரு வருஷம் எழுதிட்ட ரே, கொஞ்சம் ஓய்வெடு. புள்ள எழுதட்டும்" என்று என் அரைப் பக்கத்தை அவளிடம் கொடுத்துவிட்டான்.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. வயிறு எரிந்தது. கேண்டீனில் வெங்காயம் நறுக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம். திமிர் பிடித்தவளாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். முதல் கூட்டத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பக்கத்தை வெட்டி வெட்டி ஒட்டி வெச்சிருக்கேன் ரே. அதைப் பார்த்துதான் எல்லாமே கத்துக்கிட்டேன்" என்றாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலையில் வடக்கே ஐந்து நாள் பயணம். எங்கள் பக்கம் ஜூலைதான் கடுங்குளிர். மூன்றாம் நாள் காலை லிண்ட்சேயின் வண்டியில் ஸ்பிரிங் உடைந்தது, அவன் திரும்பிப் போய்விட்டான். அவன்தான் எப்போதும் வரிசையில் கடைசி. அனுபவசாலியைத்தான் கடைசியில் விடுவது வழக்கம். அவன் போனதும் நான்கு வண்டிகள் மிச்சம். முதலில் பெவன், அடுத்து ராஸும் அவன் மனைவி கோரலும், அடுத்து நான். புழுதி அடங்கிய பிறகு வருகிறேன் என்று கடைசியில் டாம்சின்.

எங்கள் ஆட்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான் வேதம். உனக்குப் பின்னால் வரும் வண்டிக்கு நீதான் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில் நிற்க வேண்டும். பின்னால் வருபவர் உன்னைக் கண்ணால் பார்த்து, நீ திரும்பும் பக்கம் திரும்பிய பிறகுதான் நீ நகரலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. டாம்சின் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள எங்களிடம் ரேடியோ உண்டு, அவளுடையது மலிவான கைரேடியோ. பெவன் பேசுவது அவளுக்கு எட்டாது. நான் கேட்டுத் திருப்பிச் சொன்னால்தான் உண்டு, அதுவும் அவள் பக்கத்தில் வந்தால்.

மாலை 3.52. பாதை இரண்டாகப் பிரிந்தது.

ரேடியோவில் பெவன் பேசினான். "எல்லாரும் இடது பக்கம், வேலியை ஒட்டியே வாங்க. வலது பக்கம் யாரும் போயிடாதீங்க. அது உப்பு ஏரிக்குப் போற பழைய தடம். மேல பார்க்க ஓடு மாதிரி கெட்டியா இருக்கும். உள்ள அம்புட்டும் சேறு. ரே, டாம்சினுக்குச் சொல்லிடு."

"சரி" என்றேன். நின்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், புழுதிதான் தெரிந்தது. காற்று நின்றுவிட்டதால் புழுதி அப்படியே தொங்கியது. அந்தப் பெண் புழுதி அடங்கட்டும் என்று வெகுதூரம் பின்தங்கி வந்துகொண்டிருந்தாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

ரேடியோ கரகரத்தது. கோரலின் குரல். "ரே, டாம்சின் அந்த பிஸ்கட் டின் அடுப்பைக் கொண்டாந்திருக்காளான்னு கேளு. இன்னிக்கு எலுமிச்சை கேக் பண்ணித் தரேன்னா."

பின்னாலேயே பெவனின் சிரிப்பு. "உன் கருகின சட்டிக்கு இன்னிக்கு லீவு விடு ரே!"

ராஸும் சிரித்தான். மூன்று பேர் சிரிப்பும் என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது.

அவ்வளவுதான். ஏதோ ஒன்று அறுந்தது. எல்லாம் தெரிந்தவள்தானே, பாதையும் தெரியட்டும் என்று தோன்றியது. ஒரு அரைமணி நேரம் வழி தெரியாமல் முழிக்கட்டும். இருட்டும் நேரத்தில் அழுதுகொண்டு வரட்டும். அப்போது நான் ஒரு குவளை டீ கொடுப்பேன். என் மனதில் இருந்தது அவ்வளவுதான், சத்தியமாக. கியரைப் போட்டு இடது பக்கம் திரும்பிவிட்டேன்.

3.56. "ரே, பின்னால பார்த்தாச்சா?" என்றான் பெவன்.

"பார்த்தாச்சு."

"திரும்பிட்டாளா?"

"திரும்பிட்டா" என்றேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

வேலி ஓரமாகவே போனேன். ஒரு பக்கம் கம்பி, மறு பக்கம் செம்மண், இடையிடையே முள்ளுப் புதர். இரண்டு மூன்று கிலோமீட்டர் போன பிறகு நெஞ்சு குறுகுறுக்க ஆரம்பித்தது. திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். போனால் பெவனிடம் என்ன சொல்வது? பொய் சொன்னேன் என்றா? இன்னும் கொஞ்சம் போகலாம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

4.03. கண்ணாடியில் விளக்கு தெரிந்தது.

இரண்டு விளக்குகள், எனக்குப் பின்னால், ஒரு முந்நூறு மீட்டரில். பகலிலும் விளக்குப் போட்டு ஓட்டுவது எங்கள் வழக்கம். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவளை வழிதவறவிட்டால் கூட வழிதவறமாட்டேன் என்கிறாளே!

"டாம்சின், கேக்குதா?" என்றேன் ரேடியோவில்.

 வெறும் இரைச்சல். பிறகு இரண்டு முறை... டக். டக். யாரோ பொத்தானை மட்டும் அழுத்தி விடுவது போல.

பேட்டரி போயிருக்கும், மலிவு ரேடியோ என்று நினைத்துக்கொண்டேன். அதில் கூட ஒரு அற்ப சந்தோஷம் எனக்கு.

வேகத்தைக் குறைத்தேன். விளக்கும் குறைந்தது. கூட்டினேன். அதுவும் கூட்டியது. தூரம் மட்டும் மாறவில்லை. முந்நூறு மீட்டர். புழுதிக்குப் பயந்து பின்தங்கி வருகிறவள் இவ்வளவு ஒட்டி வரமாட்டாளே?

இன்னொன்றும் கவனித்தேன். என் வண்டி கிளப்பிய புழுதி முழுக்க அந்த வண்டி மேல்தான் போய் விழுந்தது. ஆனால் விளக்கு மங்கவில்லை. புழுதியே இல்லாத மாதிரி பளிச்சென்று தெரிந்தது.

4.17. விளக்குகள் உயரமாக இருந்தன. சின்னக் காரின் விளக்கு முட்டி உயரம்தான். இவை இடுப்பு உயரத்தில் இருந்தன. இடது விளக்கு கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஒரு வண்டிதான் உண்டு. போன வருடம் கங்காரு மோதி இடது விளக்கு பெயர்ந்தது. கம்பி போட்டு நானேதான் கட்டினேன். சரியாக உட்காரவில்லை, மேலே பார்த்துக்கொண்டே இருக்கும்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். 

4.31. கேட் வந்தது. ஆடுகளுக்காகப் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் கம்பிக் கேட். முதல் வண்டி திறக்கும், கடைசி வண்டி மூடும். பெவனும் ராஸும் போய்விட்டார்கள், அவர்களின் புழுதி கூடத் தெரியவில்லை. நான் கேட்டைத் தாண்டினேன். ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள். பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. இன்ஜினை அணைத்தேன்.

பின்னால் வந்த வண்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

இன்ஜின் சத்தம் கேட்டது. டாம்சினுடையது பெட்ரோல், சத்தமே வராது. இது டீசல். தக்... தக்... தக்... நடுவில் ஒரு இருமல். பதினைந்து வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் இருமல்.

புழுதி மெல்ல இறங்கியது.

கூரையில் கறுப்புக் குழாய். பக்கத்தில் சுருட்டிக் கட்டிய லாரித் தார்ப்பாய்.

கதவு திறக்கும் சத்தம். தூக்கித் தள்ளினால்தான் அந்தக் கதவு திறக்கும். தூக்கித் தள்ளினார்கள்.

இடது கால் முதலில் இறங்கியது, தரையைத் தேய்த்துக்கொண்டே. என் முட்டி அப்படித்தான் வலிக்கும்.

பச்சைக் கம்பளித் தொப்பி.

என் தலையைத் தொட்டுப் பார்த்தேன். என் தொப்பி என் தலையில்தான் இருந்தது.

முகம் தெரியவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தெரிந்தது.

நான்தான்.

அவள் கேட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் கேட்டை மூடினாள். சங்கிலியைச் சுற்றினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. பல்லை இளித்திருந்தால் கூடப் பரவாயில்லை. கேண்டீனில் மிட்டாய் திருடி மாட்டிக்கொள்ளும் குழந்தையை நான் ஒரு பார்வை பார்ப்பேன். அதே பார்வை. என்னைப் பார்த்து அவள் பாவப்பட்டாள்.

வண்டியில் ஏறினாள்.

பின்னால் எடுத்தாள். திருப்பினாள்.

வந்த வழியே போனாள்... பாதை பிரியும் இடத்தை நோக்கி.

நம்பர் தகட்டைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டினேன் என்று எனக்கு ஒழுங்காக நினைவில்லை. ரேடியோவில் மறுபடி அந்த டக் டக் வந்துவிடுமோ என்று பயந்து அதை அணைத்தேன். நோட்டில் '4.40 ரேடியோ அணைத்தேன்' என்று ஏன் எழுதினேன் என்றும் தெரியாது. கோணல்மாணல் கையெழுத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.  வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகுதான் கவனித்தேன், "திரும்பிட்டா, திரும்பிட்டா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

5.16. முகாமுக்கு வந்து சேர்ந்தேன். பழைய கிணறு, தண்ணீர் இறைக்கும் காற்றாடி, நாலு கருவேல மரம். தீ மூட்டியிருந்தார்கள். ஆனால் யாரும் தீப்பக்கம் இல்லை. பெவன் இழுவைக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தான். ராஸ் மண்வெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். வண்டியை விட்டு இறங்கும்போது டாம்சினைப் பற்றி உண்மையைச் சொல்லப் போகிறேனா, இல்லை பின்னால் வந்துகொண்டிருக்கிறாள் என்று சமாளிக்கப் போகிறேனா என்று எனக்கே முடிவாகவில்லை. அந்த முடிவை எடுக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"நீ எதுக்குடி இங்க வந்த?" என்று பெவன் கத்தினான். "அவ கூடவே இருக்கேன்னு சொன்னியே?"

"எவ கூட?"

"டாம்சின் கூடதான்! நீதான ரேடியோல சொன்ன? வலது பக்கம் போயிட்டா, ஏரியில மாட்டிக்கிட்டா, இடுப்பு வரைக்கும் சேறு, கயிறோட வாங்கன்னு."

"எப்ப?"

"அஞ்சு எட்டுக்கு." அவன் என் முகத்தைப் பார்த்தான். "ரே, உனக்கு உடம்பு சரியில்லையா?"

கோரல் என் கையில் டீயைத் திணித்தாள். "ரேடியோ அங்கேருந்து எட்டலைன்னு கொஞ்ச தூரம் வந்திருப்பா. விடு பெவன், பேச நேரமில்ல, கிளம்பு" என்றாள். எனக்காக அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். நானும் தலையாட்டினேன்.

மூன்று வண்டிகளும் திரும்பின. இந்த முறை நான் நடுவில் வருகிறேன் என்றேன். எனக்குப் பின்னால் ராஸின் விளக்கு இருந்ததால்தான் என்னால் ஓட்ட முடிந்தது. சூரியன் போய்விட்டது, வானத்தின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. கேட் மூடியிருந்தது. சங்கிலி இரண்டு சுற்று சுற்றி உள்பக்கமாகச் செருகியிருந்தது. கிளப்பில் யாரும் அப்படிச் செருகமாட்டார்கள், என்னைத் தவிர.

"இந்த அவசரத்துலயும் கேட்டை மூடிட்டு வந்திருக்கா பாரு" என்று பெவன் ரேடியோவில் ராஸிடம் பெருமையாகச் சொன்னான்.

6.34. ஏரிக்கரை.

டாம்சினின் கார் கரையிலிருந்து எண்பது மீட்டர் உள்ளே, கதவு வரை புதைந்து நின்றது. அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து வரை சேறு. கார்க் கண்ணாடிக்குப் போடும் வெள்ளித் தாளை உடம்பில் சுற்றியிருந்தாள். உதடு நீலம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ரே... எங்க போயிட்ட? இப்பதான இங்க உட்கார்ந்திருந்த..."

நான் அவள் முன்னால் குனிந்தேன்.

"விளக்கைப் பார்த்ததும் கையை விட்டுட்டு எழுந்து போயிட்டியே... நான் பயந்துட்டேன்."

"ரே எங்க கூடதான் வந்தா கண்ணு" என்றான் பெவன். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மெதுவாக, "குளிர்ல மூளை குழம்பியிருக்கு. சீக்கிரம் போர்வை எடுங்க" என்றான்.

நான்தான் போர்வையைப் போர்த்தினேன். அவள் கைகளைத் தேய்த்துவிட்டேன். வலது கை ஐஸ். நீலம் பாரித்திருந்தது.

இடது கை... சுடச்சுட இருந்தது. இவ்வளவு நேரம் யாரோ உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த மாதிரி.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். வலது பக்கம் திரும்பினாளாம், தரை கெட்டியாக இருக்கிறது என்று நம்பினாளாம். கார் உள்ளே இறங்கியது. கதவைத் திறந்து குதித்தாளாம், இடுப்பு வரை போய்விட்டது. அசைய அசைய இன்னும் உள்ளே. கத்தியும் யாரும் இல்லை. "அப்பதான் நீ வந்த. உன் கம்பளத்தை ஒவ்வொண்ணா விரிச்சு, பின்னால உள்ளதை எடுத்து முன்னால போட்டு, அது மேல படுத்துக்கிட்டே வந்து என்னை இழுத்த. 'நெஞ்சை அழுத்தாத, பல்லி மாதிரி படு, படுத்தே வா'ன்னு சொல்லிக் குடுத்த. என்னால மறக்கவே முடியாது ரே."

ராஸ் டார்ச் அடித்தான். கரையிலிருந்து சேற்றுக்குள் நான்கு பழுப்புக் கம்பளத் துண்டுகள், ஒன்றன் பின் ஒன்றாக.

"உன்னுதுதானே?" என்றான் பெவன்.

என் ஜீப்பின் பின்கதவைத் திறந்தேன். இழுப்பறையை இழுத்தேன்.

நான்கு துண்டுகளும் உள்ளே இருந்தன. காய்ந்து, சுருட்டி, நான் கட்டிய கயிறு அவிழாமல்.

சேற்றில் கிடந்தவற்றை ராஸ் ஒவ்வொன்றாக இழுத்தான். கடைசித் துண்டைத் தூக்கிப் பிடித்தான். சிகரெட் ஓட்டை வழியாக அவன் டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

நான் இழுப்பறையை மூடினேன். "ஆமா, என்னுதுதான்" என்றேன்.

டாம்சின் பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் சேற்றில் நின்றிருந்தால் குளிரிலேயே போயிருப்பாள் என்று மருத்துவர் சொன்னாராம். அடுத்த மாத இதழில் அவள் என்னைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினாள். 'ஐம்பது டாலருக்குள்' பக்கத்தையும் பிடிவாதமாக எனக்கே திருப்பிக் கொடுக்க வைத்தாள். கேண்டீனுக்கு வருகிற அம்மாக்கள் என் கையைக் குலுக்கினார்கள். என் முன்னாள் கணவர் கூட போன் செய்து, "பரவாயில்லையே ரே" என்றார். இருபத்தாறு வருடக் கல்யாணத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

நான் ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஒன்றும் எனக்காகக் கிடைக்கவில்லை. எல்லாம் அவளுக்கு. அந்தப் பச்சைத் தொப்பிக்காரிக்கு. டாம்சின் மேல் இருந்த பொறாமை எங்கே போனது என்றே தெரியவில்லை. இப்போது அந்தத் தொப்பிக்காரி மேல் எரிகிறது. என் முகத்தை வைத்துக்கொண்டு, என் வலிக்கும் முட்டியை வைத்துக்கொண்டு, நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனவள் மேல். கண்ணாடி முன்னால் நின்று அவளைத் திட்டியிருக்கிறேன். திட்டும்போது கண்ணாடியை நேராகப் பார்ப்பதில்லை.

முட்டி வலி என்று சொல்லிக் கிளப்புக்குப் போவதை நிறுத்தினேன். டாம்சின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டால் இந்த உறுத்தல் அடங்கிவிடும் என்று தோன்றியது. அதுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரே வழி. தைரியம் வர ஏழு வாரம் ஆயிற்று.

செப்டம்பர் முதல் வியாழக்கிழமை. மாலை 4.10. போன் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"டாம்சின், ரே பேசறேன். குறுக்க பேசாத, ஒரே மூச்சுல சொல்லிடறேன். அன்னிக்கு அந்தப் பிரிவுல..."

 அந்தப் பக்கம் கோப்பையைத் தட்டில் வைக்கும் ஓசை கேட்டது.

"யாரு நீங்க?" என்றாள்.

"ரேதான். என் குரல் தெரியலையா?"

"குரல் அப்படியேதான் இருக்கு. ஆனா விளையாடாதீங்க. ரே இங்க என் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கா. வியாழக்கிழமை ஆனா வந்துடுவா."

அவள் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கூட எனக்குத் தெரியாது.

போனுக்குள், சற்றுத் தள்ளி, ஒரு பெண் கேட்டாள். "யாரு டாம்சின் போன்ல?"

என் குரல். ஆனால் என்னுடையதைவிடக் கனிவான குரல்.

நான் போனை வைக்கவில்லை. வைக்க முடியவில்லை. எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று, "நான் அங்க நின்னு உனக்கு வழி காட்டியிருக்கணும். வேணும்னேதான் போனேன்" என்றேன். அழுதுகொண்டே சொன்னேன்.

டாம்சின் பெருமூச்சு விட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"அது எனக்குத் தெரியுமே. முதல் வாரமே ரே என் காலைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டா. நானும் அப்பவே மன்னிச்சிட்டேன். நீங்க யாரு, எதுக்கு அவளுக்குக் குடுத்த மன்னிப்பை வந்து கேக்கறீங்க?"